ஒரு தீக்கு மூன்று ஒப்புதல்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போட்டி போட்ட ஒரு குடும்பத்தின் கதை சொல்கிறேன்.

அந்தக் காலத்துச் சட்டம் ரொம்பச் சுருக்கம். "நான்தான் செய்தேன்" என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. நீதிபதி வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு மதியம் கயிற்றுக்கடை எரிந்துபோனது. காலையில்தான் பக்கத்துத் தையல்காரரின் மகன் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான். அவனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். தீ வைத்தவனை ஊரைவிட்டே துரத்துவார்கள். திரும்பி வர முடியாது. அவன் மனைவிக்கோ நிறைமாதம்.

தையல்காரர் சட்டையில் குத்திய ஊசியோடு நீதிமன்றத்துக்கு ஓடினார்.

"ஐயா, தீ வைச்சது நான்தான். பையனை விட்டுடுங்க."

நீதிபதி பேனாவை எடுத்தார். அதற்குள் தையல்காரர் மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"இவரா? இவருக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாதுங்க. நான்தான் வைச்சேன்."

"நீ சும்மா இருடி!"

"நீங்க சும்மா இருங்க!"

பின்னாலேயே மருமகள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. "அத்தையும் மாமாவும் பொய் சொல்றாங்க. நான்தான்."

குமாஸ்தா குனிந்து, "மூணு பேரையும் துரத்திடலாங்க. எத்தனை பேருன்னு சட்டத்துல இல்லையே" என்றார்.

நீதிபதி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த மன்றத்தில் யாரும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார். "எந்த இடத்துல வைச்சீங்க?"

மாமனார் வாசல் என்றார். மாமியார் கூரை என்றாள். மருமகள் யோசித்துப் பின்பக்கம் என்றாள்.

நீதிபதி எழுந்து, வெயிலில் கடைக்கே நடந்தார். வாசலிலும் பின்பக்கமும் வெளியே கருகலே இல்லை. கூரையும் உள்பக்கம்தான் கருகியிருந்தது. உள்ளே, கயிற்றுக்குப் பூசத் தார் காய்ச்சும் அடுப்பைச் சுற்றித்தான் தரை வெடித்திருந்தது. தீயணைக்க வந்தவர்கள் பூட்டை உடைத்துத்தான் நுழைந்தார்களாம். சாவி கடைக்காரரின் இடுப்பில் இருந்தது.

"சாப்பிடப் போறப்போ அடுப்பை அணைச்சியா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அணைச்ச மாதிரிதாங்க இருந்துச்சு..."

மகன் அன்றைக்கே வெளியே வந்தான். ஒருவர் ஒப்புக்கொண்டாலும், நடந்ததை விசாரித்த பிறகே தீர்ப்பு என்று சட்டத்தில் ஒரு வரி ஏறியது. மற்ற நீதிபதிகள் கால் வலிக்கிறதென்று முணுமுணுத்தார்கள்.

"பொய் சொன்ன இந்த மூணு பேரை என்னங்க செய்யறது?" என்றார் குமாஸ்தா.

"அதுக்கு இன்னும் சட்டம் வரலை. வீட்டுக்குப் போகச் சொல்லு."

உங்கள் வீட்டில் யாரும் கோர்ட்டு வாசல் ஏறாமல், ஒருத்தருக்காக ஒருத்தர் முந்திக்கொண்டு நிற்கிற மனசோடு, எல்லாரும் நல்லா இருக்கணும், கண்ணுகளா.