வயல்காரன்

தென்காசியில் குற்றாலம் ரோட்டிலிருக்கும் அந்தக் கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு, சாரல் தொடங்கிய அதே வாரம் வந்தது. சாரல் விழுந்ததும் கூட்டாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிற நாலு பேரும் இந்த வருஷம் நாற்காலியை விட்டு நகரவில்லை. அவர்களில் ஒருவர் போக வேண்டும். வேலையில் யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை. அதனால், "யாருக்கு வேலை போனாலும் சமாளிக்க முடியுமோ, அவங்க பேரைத்தான் குடுக்கப்போறேன்" என்று மேனேஜர் எப்சிபா போனில் யாரிடமோ சொன்னது, டீ ஆறுவதற்குள் எல்லார் காதுக்கும் போய்விட்டது.

மறுநாளே ஆபீசுக்குத் தரித்திரம் பிடித்தது. அருண்பாண்டி பைக்கை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தான். சுகந்தியின் தாலிச் சங்கிலி மஞ்சள் கயிறாகிவிட்டது. மீன்குழம்பில்லாமல் சோறு இறங்காத ஜெஸி, எல்லாரும் பார்க்க மோர்ச்சோறு தின்றாள்.

மணிமுத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அச்சன்புதூரில் வயல் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஒவ்வொரு அறுப்புக்கும் மேடம் வீட்டுக்குப் புது அரிசி கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த வயலை அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே விற்றாயிற்று. அரிசி கடையில் வாங்கி, பழைய சாக்கில் மாற்றிக் கட்டியது. வயல்காரன் என்ற பேரை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். "வெட்டி ஜம்பம் சோறு போடுமா?" என்று மனைவி ஜெயபிரியா அப்போதே கேட்டாள். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், இவன் ஒருவன் சம்பளம்.

எழுந்து எழுந்து மேடம் அறை வாசல் வரை போய்த் திரும்பினான். கடைசியில், மானம் போனால் போகட்டும் என்று உள்ளே நுழைந்தான்.

"மேடம், எனக்கு வயலே இல்ல. வித்தாச்சு. ஒங்களுக்குக் குடுத்தது கடை அரிசி."

எப்சிபா அவனையே பார்த்தாள். பிறகு சலிப்பாகச் சிரித்தாள்.

"நீங்களுமா மணிமுத்து? அருண்பாண்டிக்குப் பைக் இல்லையாம், சுகந்திக்குச் சங்கிலி இல்லையாம். நீங்க ஒருத்தராவது நடிக்காம இருக்கீயளேன்னு நெனச்சேன். கடை அரிசி எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா மேடம்."

"ஒங்க பேரைக் காலையிலயே அனுப்பிட்டேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க பொழச்சுக்கிடுவீய."

வயலை விற்ற பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தான். விற்றவன் கையில் பத்திரம் ஏது?

கதவு வரை போனவனை மேடம் கூப்பிட்டாள்.

"அடுத்த அறுப்புக்கு மறந்துராதீய. எங்க வீட்ல வேற அரிசி எறங்க மாட்டேங்கு."

"கொண்டாரேன் மேடம்" என்றான் மணிமுத்து.