மங்களம் விலாசின் ஜன்னல் மேஜை

தன் சாப்பாட்டுக்கடையான மங்களம் விலாசுக்கு ஏசி வரப்போகிறது என்பதைப் பரமசிவம் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். தையல்கடைக்காரர், பூக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர் என்று ஒருவரையும் விடவில்லை. அதோடு இன்னொன்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

"உள் அலங்காரம் எல்லாம் நம்ம பொண்ணு பாக்குது. பி.ஏ. படிச்ச பொண்ணு."

தெய்வானை பல்கலைக்கழகத்தில் படித்தது பொருளாதாரம். இப்போது ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பொருளாதாரத்துக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டம் வாங்கினால் எல்லாம் தெரியும் என்பது அவர் எண்ணம். அவளும் மறுக்கவில்லை. அந்தக் கடையை உடைத்து மாற்ற வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆத்திரம் இருந்தது. கூடத்தின் நடுவில் கை கழுவும் தொட்டி. சாப்பிட்டு முடித்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எதிரேயே கொப்பளித்துத் துப்புவார்கள். சுவரில் கறை. தலைக்கு மேல் கண்ணைக் கூசவைக்கும் ட்யூப் லைட்டு.

ஒரு முறை கூடப் படித்த தோழியுடன் ஆர்ச்சர்ட் ரோட்டில் காப்பி குடிக்கப் போயிருந்தாள். தாழ்வாகத் தொங்கிய விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் மேஜைமேல் மட்டும் விழுந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெய்வானை மட்டும்தான் பார்த்தாள். அன்று குடித்த காப்பியின் ருசி மறந்துவிட்டது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதம் மறக்கவில்லை.

வேலை ஆரம்பத்தில் நன்றாகத்தான் நடந்தது. சுவருக்கு வெண்ணெய் நிறம். மேஜைக்கு இளம்பச்சை ஃபார்மைக்கா. கை கழுவும் தொட்டி பின்பக்கம் போனது. தெருப்பக்கச் சுவரை இடித்து ஆளுயரக் கண்ணாடி வைத்தார்கள். கல்லாவில் உட்காரும் மாணிக்கம், அம்மாவின் தம்பி, நாலு சுவரிலும் நிலைக்கண்ணாடி பதிக்கச் சொன்னார். கூரையிலிருந்து பிளாஸ்டிக் திராட்சைக் கொத்தும் தொங்க வேண்டுமாம்.

"நாலு பக்கமும் கண்ணாடி வச்சா, நீங்க சாப்பிடுறது நாலு பக்கமும் தெரியும் மாமா. நீங்க சாப்பிட்டு நீங்களே பார்த்ததில்லை. பார்த்தா வைக்கச் சொல்ல மாட்டீங்க."

"மச்சான், உங்க பொண்ணு பேசுறதைக் கேட்டீங்களா?"

பரமசிவம் சிரித்தார். நிறம், நாற்காலி, விளக்கு விஷயங்களில் மகள் சொன்னதுதான் சட்டம்.

சீனத் தச்சர் ஆ செங் வரைபடத்தை மேஜையில் விரித்த அன்றுதான் அந்தச் சட்டத்தின் எல்லை தெரிந்தது. கடைசியில், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி, இரண்டு பெட்டிகள் வரைந்திருந்தன.

"இது என்ன?"

"ஃபேமிலி ரூம்," என்றார் அப்பா, கேள்வியே புரியாதவர்போல.

பழைய கடையிலும் அது இருந்தது. தலைமட்டத்துக்குப் பலகை அடைப்பு, முன்னால் ஒரு திரை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கூடத்தைக் கடந்து போய் அதற்குள் நுழைந்துகொள்ள வேண்டும். எச்சில் தட்டுகள் மோதும் சத்தமும் கழுநீர் வாடையுமாகச் சாப்பிட வேண்டும். திரைக்கு வெளியே கை நீட்டிச் சாம்பார் கேட்க வேண்டும். தெய்வானை வரைபடத்தில் ஏசி எங்கே என்று தேடினாள். இரண்டும் முன்பக்கம் இருந்தன.

"இந்தப் பெட்டிக்குள்ள குளிர் எப்படிப் போகும்?"

"போகாதுதான். ஒரு டேபிள் ஃபேன் வச்சிடலாம்."

"ஊரெல்லாம் ஏசி ஏசின்னு சொன்னீங்களே, அது பாதி ஊருக்குத்தானா?"

"தெய்வா, எடக்கா பேசாதே. திரை இல்லாத கடைக்கு எவன்டி பொண்டாட்டியக் கூட்டிட்டு வருவான்? இது நானா வச்ச வழக்கமில்ல." பரமசிவம் குரலைத் தணித்தார். "நீ போயி திரைக்கு நல்ல துணியாப் பார்த்து வாங்கிட்டு வா. கலர் உனக்குத்தான் தெரியும். சுவரு, கதவு எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்."

அவள் நிமிர்ந்து கல்லாவுக்கு மேலே பார்த்தாள். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக அவள் எடுத்துக்கொண்ட படம், சட்டம் போட்டுப் பூ வைத்து அங்கே மாட்டியிருந்தது. புதுச் சுவரில் முதலில் ஏறியது அதுதான்.

"என் போட்டோ கூடத்துல இருக்கலாம். வர்றவன் போறவன் எல்லாம் பார்க்கலாம். நான் உட்காரக் கூடாது, அப்படித்தானே? அம்மா பேரை வாசல்ல நியான் லைட்டுல எழுதியிருக்கீங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இந்தக் கூடத்துல உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிச்சிருக்காங்களா? கேட்டுப் பாருங்க."

அப்பா கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மங்களம் உள்ளே அடுப்படியில்தான் இருந்தாள். கரண்டிச் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது.

இரண்டு நாள் அவள் அப்பாவுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் பேரம் பேச வந்தாள்.

"திறப்பு அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அறை இல்லாம இருக்கட்டும். ஜன்னலோர மேஜையைப் பொம்பளைங்களுக்குன்னு வைங்க. அன்னிக்கு யாரும் வந்து உட்காரலேன்னா சாயங்காலமே பலகையை அடிங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"மச்சான், ஒத்துக்குங்க," என்றார் மாணிக்கம். "இது வாய் திறக்காம இருக்கும்னா நானே ஆணி வாங்கித் தாறேன்."

அப்படியாக, அறுத்து இழைத்த பலகைகள் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றன. தெய்வானை துணிக்கடைக்குப் போய்க் கடுகு மஞ்சளில் கனமான, அழகான திரைத்துணி வாங்கி வந்தாள். அதை, பாத்திரம் கழுவும் இடத்துக்கும் அதைத் தாண்டி அடுப்படிக்கும் போகிற வாசலில் மாட்டினாள். மறைக்க வேண்டிய இடம் அந்தக் கடையில் அது ஒன்றுதான் என்று ஆ செங்கிடம், கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில் சொன்னபோது, அவர் வாயில் ஆணியை வைத்துக்கொண்டே தலையாட்டினார்.

திறப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு தடவை வெளிய வந்து உட்காருங்க. பத்து நிமிஷம் போதும்."

"எனக்கு அடுப்புல வேலை கிடக்கு. உன் சண்டையில என்னை இழுக்காதே," என்றாள் மங்களம், திரும்பிப் பார்க்காமல்.

கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. துறைமுகத் தொழிலாளர்கள், கவர்ன்மெண்ட் ஆபீஸ்காரர்கள், ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்தவர்கள் என்று எல்லாரும் குளிரை அனுபவிக்க வந்திருந்தார்கள். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தவர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, எழுந்திருக்க மனமில்லாமல் மூன்றாவது காப்பி கேட்டார். ஜன்னலோர மேஜை மட்டும் காலி. அதன் மேல் கண்ணாடி டம்ளரில் ஒரு செம்பருத்தி இருந்தது.

வெள்ளைச் சீருடையில் இரண்டு நர்சுகள் வந்தார்கள். வாசலிலேயே நின்று கண்ணால் திரையைத் தேடினார்கள். மஞ்சள் திரையைப் பார்த்து ஒருத்தி அந்தப் பக்கம் நடந்தாள்.

"அங்க பாத்திரம் கழுவுறாங்கம்மா," என்றார் பரிமாறுகிறவர்.

"ஃபேமிலி ரூம் இல்லையா?"

"இல்லம்மா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்கள் முகத்துக்கு எதிரே நின்று யோசிக்கக்கூட அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். போய்விட்டார்கள். அடுத்து ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். மனைவியைப் படியிலேயே நிறுத்திவிட்டுப் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது. ஆண்கள் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மேஜை அப்படியே கிடந்தது.

"ஆ செங்குக்கு ஆள் அனுப்பியாச்சு," என்றார் மாணிக்கம், அவள் காதில் விழும்படி.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயித்தவரின் சந்தோஷமும் அவர் முகத்தில் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அடுப்பு அணைந்துபோனவர்போல உட்கார்ந்திருந்தார்.

தெய்வானை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நேராக நடந்து போய், ஜன்னலோர மேஜையில், தெருவுக்கும் கூடத்துக்கும் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"ஒரு சாப்பாடு," என்றாள்.

பரிமாறுகிறவர் வரவில்லை. கல்லாவைப் பார்த்தார், சமையல்கட்டைப் பார்த்தார், வேறொரு மேஜைக்கு ரசம் ஊற்றப் போய்விட்டார். கூடத்தில் பேச்சு தேய்ந்தது.

"யாரு வூட்டுப் பொண்ணு லா இது?" என்றது பக்கத்து மேஜை.

"மொதலாளி பொண்ணு. அதோ, படத்துல இருக்கே."

"அப்ப உள்ள போயிச் சாப்பிட வேண்டியதுதானே?"

தெய்வானை திரும்பினாள். "உள்ள இடமில்லீங்க. நீங்க வேணா போறீங்களா?"

அந்த மனிதர் அப்பளத்தை உடைப்பதில் மும்முரமானார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இலை வரவில்லை. அவள் எழுந்திருக்கப் போவதும் இல்லை. சாயங்காலம் ஆ செங் வந்து பலகை அடிப்பதாக இருந்தால், அவளைச் சுற்றித்தான் அடிக்க வேண்டும்.

அப்போது மஞ்சள் திரை விலகியது. ஒரு கையில் இலையும் மறு கையில் சாம்பார் சாதத் தூக்குமாக மங்களம் வந்தாள். நெற்றி வேர்வையில் குங்குமம் கரைந்திருந்தது. கூடத்தின் நடுவில் நடந்து வந்து, மகளுக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சாதம் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தெய்வானையும் அப்படித்தான் நினைத்தாள்.

மங்களம் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குது," என்றாள்.

மேலே விளக்கையும், பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே போகிற பஸ்ஸையும் பார்த்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். துடைக்க ஒன்றுமில்லை, காய்ந்திருந்தது.

"இவ்வளவு குளுகுளுன்னா இருக்கு இங்க? இந்த ஆம்பளைங்க இதுலதான் உட்கார்ந்து சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்றாங்களா?"

தெய்வானைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாதத்தைப் பிசைந்தாள்.

மங்களம் கல்லாப் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையில்லாத அளவுக்குக் கூடம் அமைதியாக இருந்தது.

"என்னங்க, ஒரு காப்பி அனுப்புங்க. சக்கரை கம்மியா."

பரமசிவம் மனைவியைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒரு காப்பி," என்றார் பரமசிவம் பரிமாறுகிறவரிடம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சக்கரை கம்மி. ஜன்னல் மேஜை."

மங்களம் காப்பியை ஆற்றி ஆற்றி மெதுவாகக் குடித்தாள். அவளுக்கு அவசரமில்லை என்பதைக் கடை முழுக்கப் பார்த்தது. தெருவில், தலையில் வெயிலுக்குக் கைக்குட்டை போட்டபடி, அந்த இரண்டு நர்சுகளும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே இரண்டு பெண்கள் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்து நின்றார்கள். கொஞ்ச நேரம் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு கதவு திறந்தது.

"ஃபேமிலி ரூம் இல்லைன்னாங்களே?" என்றாள் ஒருத்தி, தெய்வானையிடம் தயங்கி.

"இதுதான். வாசல்லேர்ந்து அந்தக் கடைசிச் சுவர் வரைக்கும்."

"உட்காருங்கம்மா," என்று நகர்ந்துகொண்டாள் மங்களம். "கத்திரிக்காய்ப் பொரியல் கேளுங்க, இன்னிக்கு நல்லா வந்திருக்கு. நான்தான் செஞ்சேன்."

சாயங்காலத்துக்குள் அந்த மேஜை பல முறை நிரம்பியது. கூட்டம் என்று சொல்ல முடியாது. மனைவியை அழைத்து வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். ஆனால் மேஜை காலியாக இல்லை.

ஆ செங் கருவிப்பையோடு வந்து முதலாளி முன்னால் நின்றார்.

"தவுக்கே, பலகை எப்படி? இப்ப அடிக்கவா?"

பரமசிவம் பின்கட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "வேண்டாம். எடுத்துட்டுப் போயிடு."

"எதுக்கு எடுத்துட்டுப் போறது?" மஞ்சள் திரைக்குப் பின்னாலிருந்து மங்களம் வந்தாள். "நல்ல பலகை. அடுப்படியில எனக்கு ஒரு பெஞ்சு அடிக்கச் சொல்லுங்க. கடை ஆரம்பிச்சதுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

தெய்வானை உள் அலங்காரத்துக்குத் தான் போட்டிருந்த வரைபடத்தை நினைத்துப் பார்த்தாள். கூடத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் இடம் குறித்திருந்தாள். திரைக்குப் பின்னால் அவள் பென்சில் போகவே இல்லை. கைப்பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

"பெஞ்சு மட்டும் பத்தாது. அந்தப் பின்சுவருல ஒரு ஜன்னல் வெட்டணும். புகை போக மேல ஒரு ஃபேன். ஆ செங், உள்ள வாங்க, அளவெடுக்கலாம்."

"நாளைக்கா?" என்றார் ஆ செங்.

"இப்பவே."

"இந்தக் கடைக்கு நான் இன்னும் மொதலாளிதானே?" என்று பரமசிவம் கல்லாவிலிருந்து கேட்டார்.

"யாரு இல்லேன்னா?" என்றாள் மங்களம், திரையை விலக்கித் தச்சருக்கு வழிவிட்டபடி. "டேப்போட அந்த முனையை வந்து பிடிங்க."