விரல் நின்ற இடம்

"இது நான் வரைஞ்சது இல்ல," என்றார் ஓவியர்.

காவல் நிலைய மேசைமேல் சாய்த்திருந்த படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் மனைவிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஜன்னலோரம் ஊசியில் நூல் கோக்கும் அந்தப் பெண் அவள்தான். இருபது வருடத்துக்கு முன் வரைந்து, படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரருக்கு இவரே அன்பளிப்பாகத் தூக்கிக் கொடுத்தது. போலிப் படத்தை விற்கப் பார்த்ததாகப் பிடிபட்டு, அந்த மனிதர் இப்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதமாக ஓவியர் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. ஓரம் தெரியும், முகம் தெரியாது. நிறங்களும் மங்கிவிட்டன. விழித்திரை கெட்டுவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முகம் வரைந்தே பேர் வாங்கியவர். வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். கணவனும் மனைவியும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க சொல்றத வச்சுத்தான் கேஸே."

"அந்த நீலத்தப் பாருங்க. சேறு மாதிரி இருக்கு. நானா இப்படி வரைவேன்?"

"அண்ணே, நீங்க குடுத்ததுண்ணே," என்றார் கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். மனைவி இருந்த இடத்தை விட்டு எழுந்தாள். வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் மானம் போகும். மூடிக்கொண்டால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரும்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

படத்தைத் திருப்பினாள். கணவரின் விரலைப் பிடித்துப் பின்பக்கத் துணியில் வைத்தாள். "அன்னிக்குத் துணி பத்தலங்க. ரெண்டு துண்டச் சேத்து நான்தான் தச்சுக் குடுத்தேன்."

விரல் தையலோடு ஊர்ந்து ஒரு முடிச்சில் நின்றது. ஓவியர் அந்த முடிச்சை இன்னொரு முறை தடவினார்.

"என்னோடதுதான்," என்றார்.

"அப்புறம் ஏன் சார் இல்லேன்னீங்க?" இன்ஸ்பெக்டரின் குரலில் மரியாதை குறைந்திருந்தது.

வயசாயிடுச்சு, மறந்துட்டார் என்று சொல்லித் தப்பிக்க மனைவி வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"எனக்குக் கண்ணு தெரியல சார். இப்ப உங்க மூஞ்சியும் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்காக இவர மாட்டி விடப் பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

சேதி ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. வரையச் சொல்லியிருந்த இரண்டு பேர் வேண்டாமென்று ஆளனுப்பினார்கள். மூன்றாமவர் மட்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓவியர் தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீலம் எது?" என்று மனைவியிடம் வந்தவர் காதிலும் விழும்படி கேட்டார்.