குழாயின் இருமல்

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போடும்போது மூத்தவளின் கை நின்றது. வீட்டில் ஏதோ குறைந்தது. அழுகை இருந்தது, நாற்காலி இழுக்கிற சத்தம் இருந்தது. இருமலைத்தான் காணோம்.

அந்த வீட்டில் இரண்டு இருமல்கள். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று, கொல்லைக்குப் பின்னால் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சாயப்பட்டறைக் குழாயுடையது. கழிவைக் கக்குமுன் அது தொண்டையைச் செருமும்.

"நேத்து ராத்திரியே குழாய் நின்னுடுச்சுடி," என்று அம்மா கிசுகிசுத்தாள். "உங்கப்பா எழுந்து உக்காந்து, 'எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு'ன்னாரு. அப்புறம் பேச்சே இல்ல."

மூத்தவள் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

மீன் பிடிக்கிற தண்ணீரைக் கெடுக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுப் படியேறியே அப்பாவின் செருப்புகள் தேய்ந்தன. நேற்றுத்தான் கோர்ட்டு அனுப்பிய அதிகாரி குழாயடியில் மீன்கூண்டை இறக்கி முத்திரை வைத்துப் போயிருந்தார். இன்று பொழுது சாய்வதற்குள் மீன்கள் செத்தால் குழாயை அடைப்பார்கள். பிழைத்தால் வழக்கு முடிந்தது.

பட்டறை மேலாளர் மலர்வளையத்தோடு வந்தார். "பெரியவருக்கு மரியாதையா பட்டறையை மூடிட்டோம்மா. பெட்டி எங்க வாசலைத் தாண்டின பிறகுதான் மெஷின் ஓடும். வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றார், தெருவே கேட்கும்படி. என்ன பெரிய மனசு என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சாவு விடியற்காலையில், குழாய் நின்றதோ அதற்கு முன்பே. மூத்தவள் வளையத்தை வாங்கி வைத்தாள்.

அவர் போன பிறகு அதிகாரி வந்தார். அவரும் மூத்தவளும் கரையில் நின்று கூண்டைப் பார்த்தார்கள். ஒரு மீன்கூட சாகவில்லை. எல்லாம் குழாயின் வாயைப் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"நான் பாக்குறதைத்தானேம்மா எழுத முடியும்," என்றார் அவர், ஏனோ குரலைத் தாழ்த்தி.

"எழுதுங்க சார். பொழுது சாய இன்னும் நேரம் இருக்குல்ல? வந்தது வந்தீங்க, எங்கப்பாவை அனுப்பி வச்சுட்டுப் போங்க."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மூத்தவள் வீட்டுக்குள் வந்து, "எடுத்துடலாம்," என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" அத்தை சீறினாள். "உன் தம்பி இருட்டினப்புறம்தானே வந்து சேருவான்? பெத்தவன் முகத்தை அவன் பாக்க வேணாமா?"

"வேணும் அத்தை. வந்து என்னைத் திட்டட்டும். ஆயுசுக்கும் பேசாம இருக்கட்டும்." அதற்கு மேல் முடியாமல் அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே பெட்டியின் மூடியைத் தானே இழுத்து மூடினாள்.

கரையோரமாகவே போனார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அதிகாரியும் நடந்தார். பட்டறை வாசலில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி நின்றான். பெட்டி தாண்டியதும் உள்ளே போனான்.

பின்னால் இருமல் கேட்டது.

இரண்டு குட்டை, ஒன்று நீளம். அப்படியே அப்பாவின் இருமல். பெட்டியைச் சுமந்தவர்களின் கால்கள் தாமாக நின்றன. அம்மா முன்னால் வந்து மூடியில் கை வைத்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

அதிகாரி மட்டும் கூண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். கூண்டைக் கட்டியிருந்த கயிறு தண்ணீரில் வெடவெடவென்று ஆடியது. வெகுநேரம் ஆடியது. பிறகு நின்றது.