சுசீலா போட்டுக் கிழித்த துணிகள்

அந்தமானின் டெலானிபூர் அரசுக் குவார்ட்டர்ஸில் 1956 ஆகஸ்டில் மலேரியாவில் இறந்துபோன நான்கு வயது சுசீலா, அதற்குப் பிந்தைய பதினாறு ஆண்டுகளில் ஐம்பத்தெட்டு உடைகளைப் போட்டுக் கிழித்தாள். அத்தனையும் அவளுடைய அம்மா விசாலாட்சி ஒரே டிரங்குப் பெட்டியில் இருந்த துணியை வெட்டித் தைத்தவை.

மாயவரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த விசாலாட்சியின் அப்பா 1953இல் கடையை மூடினார். விற்காமல் தேங்கிய கட்பீஸ்களையும், தைக்க நூல்கண்டு, கொக்கிகளையும் மகளுக்குக் கொடுத்தார். துணிகள் சீட்டி, பாப்ளின், வாயில், லாங்கிளாத் என்று எல்லாம் ஒரு கஜம், இரண்டு கஜத் துண்டுகள். புருஷன் திருநாவுக்கரசுவுக்கு அந்தமானில், ஃபீனிக்ஸ் பேயில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. கப்பல் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும், சில மாதம் அதுவும் வராது என்று கேள்விப்பட்டிருந்த விசாலாட்சி, கைக்குழந்தை கல்யாண வயதுக்கு வருகிறவரை தேவைப்படும் என்று கணக்குப் போட்டு அவ்வளவையும் அடுக்கிக்கொண்டு கப்பலேறினாள். அந்தமானில் துணியைச் சும்மா வைத்திருக்க முடியாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதம் மழை. நாப்தலின் உருண்டை போட்டாலும் மடிப்பு வரியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், புள்ளி விழுந்த இடத்தில் நூல் இற்றுவிடும். வெட்டிய துணி இன்னும் சீக்கிரம் கெடும், வெட்டுவாயில் பிரிந்து நிற்கும் நூல் ஈரத்தை உறிஞ்சுவதால். குழந்தை போனபோது கை மிஷினில் ஒரு நீலச் சீட்டிக் கவுன் பாதியில் நின்றிருந்தது. காரியம் முடிந்த மறுநாள் விசாலாட்சி அதைத் தைத்து முடித்தாள். துணி கெட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. பசை போக அலசிக் கொடியில் போட்டாள். சாயங்காலம் எடுத்தபோது கவுனின் கீழ் ஓரம் முழுக்கச் சேறு, நெஞ்சில் நாவல்பழக் கறை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனபாக்கியம், அந்தமான் தண்டனைத் தீவாக இருந்த காலத்திலேயே வந்து சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவள், பேச்சில் இந்தி கலக்கும், எதற்கும் சீக்கிரம் ஆச்சரியப்படமாட்டாள். "அரே, எந்தப் பிள்ளையோ எடுத்து மாட்டிக்கிட்டு வெளாண்டிருக்கு. நாளைக்கு நான் பார்த்துக்கிறேன், ஆனே தோ, வரட்டும்" என்று சொல்லி, மறுநாள் காலையிலிருந்து கையில் ஒரு பிரம்போடு கொடிக்கு எதிரே உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. கவுனும் ஆடாமல் தொங்கியது. அவள் கண்ணெதிரேயே சாயங்காலத்துக்குள் அதன் பாக்கெட் கிழிந்திருந்தது. தனபாக்கியம் பிரம்பைக் கீழே போட்டாள். "பஸ், போதும். உன் பொண்ணுதான். பெரிய வாலு."

விஷயம் எப்படி நடக்கிறது என்பதை இரண்டு வருடங்களில் புரிந்துகொண்டார்கள். திருநாவுக்கரசு அபர்டீன் பஜாரில் புது பாப்ளின் வாங்கிவந்து தைக்கச் சொன்னார். அது புதுசாகவே தொங்கியது. பெட்டித் துணியை மட்டும்தான் சுசீலா போட்டாள். பாக்கெட்டில் வைத்த கடிதம் மடிப்புக் கலையாமல் திரும்பியது. வெளியில் வாங்கிய கலர் நூலில் எழுத்துப் பின்னிப் பார்த்தார்கள். சாயங்காலம் அந்த நூல் மட்டும் உருவி விழுந்து கிடந்தது. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைத் திணித்து விசாலாட்சி ஒரு பொம்மை தைத்துப் போட்டாள். அது தலைமுடி இரட்டைப் பின்னலாகவும் ஒரு கை சப்பிய ஈரத்தோடும் வந்தது. பிள்ளையைப் பார்க்காமல் அளவெடுப்பதும் கஷ்டமாக இல்லை. கக்கத்தில் தையல் வாய்பிளந்தால் தோள் அகன்றிருக்கிறது. வேர்வைக் கோடு இடுப்புத் தையலுக்குக் கீழே இறங்கினால் உயரம் கூடியிருக்கிறது. மூன்று விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு விரலாக இறக்கிவிட்டாள். 1958இல் சட்டைக் கையில் மை வந்தது. அன்றைக்குத் திருநாவுக்கரசு ஆபீஸில் எல்லோரிடமும் மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொன்னார். தீவில் எந்தத் துணியை வெளியே போட்டாலும் உப்புக்காற்றில் விறைக்கும். சுசீலாவின் துணி மட்டும் கையில் பிசுக்கில்லாமல் வந்ததை முதலில் கவனித்தவரும் அவர்தான். "கடல் இல்லாத ஊரு. மெயின்லாண்டுல இருக்காப்போல" என்றார். தீவில் இல்லாத எல்லோரையும் பற்றி அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அதே வருடம் பிறந்த இந்திராணிக்குப் பெட்டியிலிருந்து ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை. அக்காவுக்குச் சின்னதாகிப் போனவை அவளுக்கு வந்தன, முட்டியில் ஒட்டுப்போட்டு. ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையில் படுத்தாள், மிஞ்சிய துண்டில் செய்த கரித்துணியால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கினாள். ஒன்பது வயதில் ஒருநாள், "அக்கா கிழிச்சதுதான் எனக்கு. நானா ஒண்ணைக் கிழிக்க எப்பம்மா விடுவே?" என்று கேட்டாள். விசாலாட்சி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உனக்கு அப்பா கடையில வாங்கித் தருவாரு. அவளுக்கு யாருடி இருக்கா?" என்றாள்.

1971 ஜனவரியில் வாயில் துணி ரவிக்கையின் பின்கழுத்தில் மஞ்சள் கறை இருந்தது. சோப்புப் போட்டுத் துவைத்தும் போகவில்லை, மறுநாள் இன்னும் அழுத்தமாக வந்தது. அது தாலிக் கயிற்று மஞ்சள். திருநாவுக்கரசு கேசரி செய்யச் சொல்லி எட்டுக் குவார்ட்டர்ஸுக்கும் கொடுத்தார். மாப்பிள்ளை என்ன வேலை என்று தனபாக்கியம் கேட்டாள். "தெரியலை. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு எல்லாத்தையுமா சொல்லுவாங்க?" என்று சொல்லி அவர் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஜூனில் ஒரு ரவிக்கை இடது தோளில் கை பிரிந்து வந்தது. துணி கிழிவதில் வகை உண்டு. உழைத்துக் கிழிந்தால் சுற்றிலும் நூல் மெலிந்து சல்லடை மாதிரி இருக்கும். ஆணியில் மாட்டினால் ஒரு மூலையில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடும். ஆள் பிடித்து இழுத்தால்தான் தையல் மொத்தமாகப் பிரிந்து, நூல் நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். விசாலாட்சி அதை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தைத்தாள். அடுத்த வாரம் அதே தோள். அதற்கடுத்த வாரம் கொக்கிகள் துணியோடு பிய்ந்திருந்தன. அவளால் செய்ய முடிந்தது தையல்தான், ஆகவே அதைச் செய்தாள். கை வைக்கிற இடத்தில் இரட்டைத் தையல் போட்டாள், உள்ளே பட்டி கொடுத்தாள், கக்கத்தில் ஒட்டுத்துணி வைத்தாள். பெட்டியிலிருந்த கடைசி ஆறு துண்டுகள் இப்படிக் கெட்டியான ரவிக்கைகளாயின. அவை பிரியவில்லை. ஒரு தையல்கூட விடாமல் முழுசாகத் திரும்பி வந்தன, முதுகில் ரத்தக் கறையோடு. ஒவ்வொரு தடவையும் கறை போன தடவையைவிடப் பெரிதாக இருந்தது.

காரணம் புரிய அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஒற்றைத் தையல் விடும்போது ரவிக்கையின் கை மட்டும் பிடித்தவனிடம் நிற்கும், போட்டிருப்பவள் தோளை உருவிக்கொண்டு ஓடிவிடலாம். தையல் விடாவிட்டால் பிடித்த பிடி பிடித்தபடி இருக்கும். பலமாகத் தைக்கத் தைக்க அவள் தன் மகளை மருமகன் கையில் கெட்டியாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். இதை அவள் திருநாவுக்கரசுவிடம் சொன்னபோது அவர் ரவிக்கையை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அன்றிலிருந்து ஆபீஸில் மூத்த மகளைப் பற்றி அவர் பேசவில்லை.

1972 செப்டம்பரில் பெட்டி காலி. மிஞ்சியது துண்டுகளையெல்லாம் மாயவரத்தில் மூட்டையாகக் கட்டிய காடாத் துணி, முரட்டுப் பழுப்பில் ஒன்றரை கஜம். அதை யாரும் துணி என்று எண்ணியதே இல்லை. விசாலாட்சி அதைத் தரையில் விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். ரவிக்கைக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டை, முதுகில் மூன்று மடிப்பு, அதற்குள் பழைய போர்வைப் பஞ்சு. அடி விழுந்தாலும் உறைக்காது. பதினான்கு வயது இந்திராணி சோற்றுத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா பஞ்சு?"

"தாங்கும்."

"தாங்குறதுக்கா தச்சுக் குடுப்பே?" இந்திராணி தட்டைக் கீழே வைத்தாள். "அவ துணியைத்தான் நான் இத்தனை வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன். மரத்துல ஏறினவ அவ. பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டினவ. முட்டி கிழிசலைப் பார்த்தாலே தெரியும். நீ சட்டை தச்சா அவ உட்கார்ந்து அடி வாங்கணும்னு நெனைப்பா. அம்மா சொல்றான்னு நெனைப்பா."

"வேற என்னடி தைக்க? இதுதான் இருக்கு."

"பை தை."

விசாலாட்சி சாக்பீஸைக் கீழே வைத்தாள். சட்டை தைத்தால் மகள் அடிபட்டாலும் நாளைக்கும் அதைக் கொடியில் பார்க்கலாம், துவைக்கலாம், கறையைத் தேய்க்கலாம். பை அப்படி இல்லை, எடுத்துக்கொண்டு போகிற பொருள். பிறகு துணி கிடையாது. அவள் எழுந்து போய் ஈரத்துணி கொண்டுவந்து சாக்பீஸ் கோட்டைத் துடைத்தாள்.

பைக்குப் பிடி முக்கியம். பலரும் வாயில் மட்டும் பிடியை வைத்துத் தைப்பார்கள், கனம் முழுக்க அந்த நாலு தையலில் விழுந்து பாதி வழியில் அறும். பிடியை அடிவரைக்கும் ஓட்டிச் சுற்றிக்கொண்டு வந்தால் கனம் துணியில் விழும், தையலுக்கு வேலை இருக்காது. அப்படித்தான் தைத்தார்கள். இந்திராணி மிஷின் சக்கரத்தைச் சுற்றினாள், விசாலாட்சி துணியைத் தள்ளினாள். தோளில் மாட்டி ஓட வசதியாகப் பிடியை நீளமாக விட்டார்கள். சனிக்கிழமை முடிந்தது. அலசி, வீட்டுத் தூணுக்கும் பாக்குமரத்துக்கும் நடுவே கட்டிய கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பை வெறுமனே காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பையின் அடி கீழே இறங்கியது. மூன்று பேரும் முற்றத்தில் இருந்தார்கள். முதலில் அகலமாக ஒன்று உள்ளே போனது. புடவை, என்றாள் விசாலாட்சி, மடித்துத்தான் வைக்கிறாள். பிறகு மிருதுவாக இரண்டு. பிறகு பக்கவாட்டில் ஒரு மூலை முட்டிக்கொண்டு நின்றது, தகரப் பெட்டியோ சட்டம் போட்ட படமோ தெரியவில்லை. கொடி தாழ்ந்து பை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. அப்புறம் வெகுநேரம் அசைவில்லை. திருநாவுக்கரசு, "யாரோ வந்துட்டாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கொடியைத் தாங்கப் போனார். விசாலாட்சி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பையின் வாய் ஒன்றுசேர்ந்து குவிந்தது. பிடி இரண்டும் விறைத்தன. கொடி மேலே எகிறி ஆடியது, கிளிப் இரண்டும் புல்லில் விழுந்தன.

எந்தத் தையலும் அறுந்த சத்தம் கேட்கவில்லை. அவர்கள் அதைத்தான் கவனித்தார்கள்.

மத்தியானம் வானம் கறுத்ததும் தனபாக்கியம் தன் துணிகளை எடுக்க வந்தாள். பக்கத்துக் கொடி காலியாக இருந்தது.

"பை எங்கே?"

"எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"எந்தப் பக்கம்?"

"தெரியலை" என்றாள் விசாலாட்சி.

தனபாக்கியம் தலையாட்டினாள். மழை வந்துவிடும், ஜல்தி, இந்த முனையைப் பிடி என்று தன் படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை அவளிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து அதை இரண்டாக மடித்தார்கள்.