மூடியில் வைத்த சந்தனம்

லேத் பட்டறை வேங்கடசாமியின் மகள் மானசா கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தோல் செல் வளர்க்கிறாள் என்ற செய்தி எங்கள் கணபதிப் பகுதிக்குள் வந்தபோது, "தொட்டியிலயா வளத்தறா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். 1997இல் எங்கள் தெருவின் அறிவியல் அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சின்ன பிளாஸ்டிக் தட்டில் தோல் செல்கள் பாய் விரித்தாற்போல் பரவி நிற்கும். நடுவே ஊசிமுனையால் ஒரு கோடு கீறுவாள், அதுதான் காயம். முதல் தட்டுக்கு மருந்து கிடையாது. இரண்டாவதுக்கு வைட்டமின் சி. மூன்றாவதுக்கு வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்த, செல்லை வேகமாக வளரவைக்கும் வளர்ச்சிக் காரணி. நாலாவதுக்கு இரண்டும். நாலும் இன்குபேட்டர் என்ற இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் போயின. சேர்த்துப் போட்டால் காயம் சட்டென்று மூடும் என்பது அவள் நம்பிக்கை. காரணி அத்தோடு தீர்ந்தது. அடுத்த குப்பி வர நாலு மாதம் ஆகும். முடிவைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பினால்தான் ஆராய்ச்சிக்கு இன்னொரு வருடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அம்மா ராமாமணியின் கையில் மூன்று ஜாதகங்கள் தயார்.

நடுவில் வந்தது ஆயுத பூஜை. "இன்குபேட்டரையும் நல்லாத் தொடச்சு பொட்டு வெச்சுருங்ணா" என்று உதவியாளர் மருதாசலத்திடம் சொல்லிவிட்டு, அப்பாவின் பட்டறை பூஜைக்கு ஓடினாள் மகராசி.

இரண்டு நாள் கழித்து வந்தால், இன்குபேட்டர் நெற்றியில் திருநீற்றுப் பட்டையோடு நிற்கிறது. உள்ளே நாலு தட்டு. நாலு மூடியிலும் சந்தனப் பொட்டு. அவள் எழுதிய அடையாளம் ஒன்றிலும் இல்லை.

"மூடி மேல எழுதியிருந்தது எங்கீங்ணா?"

"அந்த மைக் கிறுக்கலுங்களா? சந்தனம் நிக்கோணுமில்லீங்க, ஸ்பிரிட்டுல தொடச்சுப்போட்டேன். மூடியத் தொறக்கவே இல்லீங் அம்மணி, பயப்படாதீங்க."

"வரிசையாவது நெனப்பிருக்குதுங்களா?"

மருதாசலம் காற்றில் கையால் அடுக்கிக் காட்டினார். மேலே இருந்தது கீழே போனது, கீழே இருந்தது மேலே வந்தது. கடைசியில் நாலு தட்டு ஐந்தாகிவிட்டது.

நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒன்றில் கோடு அப்படியே இருந்தது. ஒன்றில் பாதி. மற்ற இரண்டிலும் கீறின தடமே காணோம். மூடினது ஒன்றாக இருந்திருந்தாலாவது மனதைத் தேற்றியிருக்கலாம். இரண்டில் ஒன்று கூட்டு மருந்து என்றால், இன்னொன்று? வெறும் வைட்டமினா? அப்படியானால் ஐஸில் வந்த குப்பி எதற்கு? கூட்டு மருந்துதான் மூடியது என்பதற்கே என்ன சாட்சி?

ஆராய்ச்சி வழிகாட்டி சென்னகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். "ஆறாதது வெறுந்தட்டு. பாதி ஆறுனது வைட்டமின். மிச்சம் ரெண்டும் காரணி போட்டதுதானே? இதுல என்னம்மா கொழப்பம், எழுதிரு."

"அப்படித்தான் இருக்கோணும்னு நாம நெனைக்கறோமுங் சார். அப்படித்தான் இருந்துச்சான்னு தெரியலீங்களே."

"எழுதலீன்னா உன்ற ஒரு வருஷம் போச்சு."

அவர் போன பிறகு பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து அறிக்கையை எழுதினாள். 'இரண்டு தட்டுகளில் காயம் மூடியது. எவை என்று தெரியவில்லை. அடையாளத்தை அடித்தட்டில் எழுதாமல் மூடியில் எழுதியது என் தவறு.' கொண்டுபோய்க் கொடுத்ததும் சென்னகிருஷ்ணன் இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று முகத்தில் பிடிபடவில்லை.

மருதாசலம் கதவோரம் வந்து நின்றார். "அம்மணி, ஆறுச்சுங்களா, ஆறலீங்களா?"

"ரெண்டு ஆறீருச்சுங்ணா."

"நல்ல சேதிதானுங்களே! அப்பறம் ஏனுங் மூஞ்சி இப்படி இருக்குது?"

"எந்த ரெண்டுன்னுதான் தெரியலீங்ணா" என்றாள் மானசா. புதுத் தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அதன் அடியில் 'ஒன்று' என்று எழுதினாள்.