பலகையின் கீழ்ப்பாதி

தலையாலங்கானத்துப் போரை அருப்புக்கோட்டையில் மூன்று நாள் நடத்துவதென்று முடிவானபோது எனக்கிருந்த பெரிய கவலை, சோழனாக நிற்க யார் சம்மதிப்பார்கள் என்பதுதான். பாண்டியன் ஏழு பேரை ஜெயித்த போர் அது, இது பாண்டிநாடு. சேரனுக்கு ஒருவர் கிடைத்தார். வேளிர் ஐந்து பேருக்கும் கெஞ்சிக் கூத்தாடி ஆள் பிடித்தேன். சோழன் என்றதும் எல்லாருக்கும் வீட்டில் வேலை வந்துவிட்டது. கடைசியில் பருத்திக் கமிஷன் கடைக் குமாஸ்தா செல்லத்துரை ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். சரித்திரத்தைக் காட்டி அவரைத் தோற்கடிக்கக் கூடாது. ஆட்டத்தில் ஜெயித்தால் ஜெயித்ததுதான். சரி என்று கையடித்துக் கொடுத்தேன். அந்தக் கையைத்தான் பிறகு பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் யேசுதாசன். மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். சரித்திரப் போர் விளையாட்டுச் சங்கத்துக்குக் காரியதரிசி, ஆட்டத்துக்கு நடுவர். சங்கத்தில் பதினோரு பேர். நூல் கிடைக்காமல் மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையை வாடகைக்குப் பிடித்து, தரை முழுக்க மணல் பரப்பி, அதில் கட்டைவிரல் உயரக் களிமண் வீரர்களை நிறுத்தி விளையாடுவோம். ஒரு பொம்மை நூறு பேருக்குச் சமம். வெட்டுக்குப் பித்தளைத் தாயக்கட்டை. உலகமே நிஜமாக வெட்டிக்கொண்டு சாகும்போது வயசுக்கு வந்த ஆம்பிளைகள் மண்பொம்மைக்கு மண்டியிட்டுக் கிடக்கிறீர்களே என்பாள் என் மனைவி ஞானப்பூ. 1943-ஆம் வருஷம் மே மாதம் அது. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒவ்வொரு படைக்கும் ஒரு தலைவன் பொம்மை. அதன் அடியில் பெயரும் ஊரும் எழுதி ஒட்டவேண்டும். பெயரில்லாத பொம்மை விழுந்தால் எவனும் வருத்தப்படுவதில்லை, பெயர் இருந்தால் யோசித்து நகர்த்துவான். அந்தக் காலத்தில் சண்டை போட்டவர்களின் பெயர் நமக்கு எங்கே தெரியும்? ஆகவே ஆட்டக்காரர்கள் அவரவருக்குத் தெரிந்தவர்களின் பெயரையே வைத்தார்கள்.

பாண்டியனாக நின்றவர் எம்.ரெட்டியபட்டியில் வெள்ளாமை செய்கிற சம்சாரி உக்கிரபாண்டி. அவருடைய சித்தப்பா மகன் இருளப்பசாமி பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்து பதினைந்து மாதமாகியும் அவனைப் பற்றி ஒரு கடுதாசி இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை, செத்தான் என்றும் இல்லை. உக்கிரபாண்டி தன் பின்படைத் தலைவனுக்கு அவன் பெயரை வைக்கச் சொன்னார்.

"கம்மாக்கரைக்குப் பின்னாடி நிப்பான் சார். அங்க எவனும் வர மாட்டான். எங்கயாச்சும் ஒரு எடத்துல அவன் பத்திரமா இருக்கட்டும்."

நானே என் கையால் சீட்டு எழுதி ஒட்டினேன்: எம்.ரெட்டியபட்டி இருளப்பசாமி.

தலையாலங்கானத்தில் கண்மாய் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கண்மாய் இல்லாத பூமியை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாததால் களத்தில் ஒன்றைப் போட்டிருந்தோம், சாம்பல் கொட்டி, கரை கட்டி. இரண்டாம் நாள் சாயங்காலம் செல்லத்துரை எழுந்து நின்று, இது எந்த மாதத்துப் போர் என்று கேட்டார். எழுதி வைத்திருந்தபடி சித்திரை என்றேன். சித்திரையில் எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, நான் உள்ளே இறங்கி வருகிறேன் என்றார். பட்டறையே ஆடிப்போனது. உக்கிரபாண்டி கத்தினார். நான் வெளியே போய் வெயிலையும் வெடித்துக்கிடந்த கரிசலையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து, கண்மாய் வறண்டிருக்கிறது, சோழன் இறங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நரிக்குடியில் மாமனார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பதில் வேறொருவர் தாயம் உருட்டினார். பின்படை முழுக்க விழுந்தது.

அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நேர்மையான நடுவர் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பட்டறைச் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு கரும்பலகை உண்டு. அதில் மேலே 'தலையாலங்கானத்துப் போர், இரண்டாம் நாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, களநிலவரம் எழுதி, கீழே 'போரில் விழுந்தவர்கள்' என்று நாலு பெயர் எழுதினேன். நாலாவது பெயர் இருளப்பசாமி, ஊர்ப் பெயரோடு.

அதே பலகையில்தான் காலையில் யுத்தச் செய்தியும் எழுதுவோம். தபாலாபீஸ் சவரியப்பன் பேப்பரைப் பார்த்து எழுதுவார், ஊர்க்காரர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் மேல்பாதியை மட்டும் துடைத்து, பர்மாச் சண்டை பற்றி ஆறு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கீழ்ப்பாதியில் அவர் கை வைக்கவில்லை.

எனக்கு இது எதுவும் தெரியாது. பொம்மைகளை அடுக்கிக்கொண்டு, உக்கிரபாண்டி வருவாரா மாட்டாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி வாக்கில் வியர்த்து விறுவிறுத்து ஒரு ஆள் வந்து உக்கிரபாண்டி எங்கே என்று கேட்டான். நரிக்குடி போனவர் திரும்பவில்லை என்றேன். தலையில் கை வைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாவு வீட்டு நீர்மாலைக்குக் குடமெடுக்க அவுகதான் போகணும் சார். அவுக தம்பி பர்மாவுல விழுந்துட்டாராம். காலையில பருத்தி வண்டி கொண்டாந்தவன் இங்க எழுதிப் போட்டிருந்ததப் படிக்கக் கேட்டுட்டு வந்து சொன்னான். ஒடம்பு வராத சாவு, பொழுது சாயமுன்ன தாலிய எறக்கி முடிச்சுரணும்ங்காக."

நான் தெருவுக்கு ஓடிப் பலகையைப் பார்த்தேன். மேலே சவரியப்பன் கையெழுத்தில் பர்மா. கீழே என் கையெழுத்தில் போரில் விழுந்தவர்கள். இரண்டும் ஒரே செய்தியாக ஒட்டிக்கொண்டு நின்றன.

உள்ளே வந்து மணலில் சாய்ந்து கிடந்த அந்தப் பொம்மையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செல்லத்துரை என்னவென்று கேட்டார். பலகையைத் துடையுங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது. உக்கிரபாண்டியைக் கூட்டிவர வந்த ஆளை நரிக்குடிக்கு விரட்டிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸை நம்பிப் பிரயோசனமில்லை. அது ஐந்து மணிக்கு வந்தாலும் வரும். நான் மிதித்தேன். எதிர்க்காற்று அனலாக வீசியது. மிதிக்க மிதிக்க மனசு ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. தாலியை இறக்கிவிட்டால் என்ன செய்வது? வாத்தியார் வந்து தப்பு நடந்துவிட்டது என்றால், மறுபடி கட்டிக்கொள் என்று சொல்வார்களா? இருளப்பசாமியே நாளைக்கு முழுசாக வந்து நின்றாலும் அந்தப் பெண்ணைத் தாலி அறுத்தவள் என்றுதான் இந்த ஊர் சொல்லும். நல்ல காரியத்துக்குக் கூப்பிடாது. எதிரே வந்தால் ஒதுங்கிப் போகும். எல்லாம் நான் சாக்கட்டியால் எழுதிய ஒரு வரிக்காக. ஜெபம் பண்ணப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. கண்மாய் வறண்டிருக்கிறது, கண்மாய் வறண்டிருக்கிறது என்பதுதான் வாயில் வந்தது.

பாதி வழியில் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. சைக்கிளை ஒரு உடைமரத்தடியில் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தாறு வயசு எனக்கு. பள்ளிக்கூட மணி அடித்தால்கூட நடந்துதான் போவேன். நிழல் நீள நீள எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் ஓடினேன். வழியில் ஆடு மேய்த்தவர்கள் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு ஓடுகிறவன் என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

எம்.ரெட்டியபட்டிக்குள் நுழைந்தபோது வெயில் கூரைகளின் மேல் ஏறிவிட்டது. ஊருணியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஆட்கள் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், முன்னால் சங்கு. உக்கிரபாண்டிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறொரு பங்காளியைக் குடமெடுக்க வைத்திருக்கிறார்கள். நான் அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சோலையம்மாள். இருளப்பசாமியின் மனைவி, இருபத்திரண்டு வயசு இருக்கும். முகம் முழுக்க மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு இருந்தது. ஒரு கிழவியின் கை அதன்மேல் இருந்தது.

நிறுத்துங்கள் என்று கத்தினேன். சங்கு நின்றது. கூட்டம் என்னைப் பார்த்தது. எனக்கு மூச்சு வாங்கியது. பையிலிருந்து பொம்மையை எடுத்து நீட்டினேன். விழுந்தது இது, மண்பொம்மை, டவுனில் நாங்கள் விளையாடுகிற ஆட்டம், பலகையில் எழுதியது நான், இதற்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமில்லை என்று முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினேன். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள். அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பொம்மையின் அடியிலிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஊரும் பெயரும் அதில் அப்படியே இருந்தன. அவர் அதை எல்லாருக்கும் காட்டினார்.

கிழவி கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

சோலையம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவுக இருக்காகளா?"

ஊரே என் வாயைப் பார்த்தது. ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் என்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

சுவரில் சாய்ந்து கிடந்த இருளப்பசாமியின் தாயார் மூக்கம்மாள் மெல்ல எழுந்து வந்தாள். என்னைச் சபிக்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியாதுங்கிறதே போதும் வாத்தியாரய்யா. பதினஞ்சு மாசமா அத வச்சுத்தானே நாங்க கஞ்சி குடிச்சோம். காலையிலேருந்து அதுவும் இல்லாமப் போயிருந்துச்சு."

சொல்லிவிட்டு, குடத்தோடு நின்ற ஆளைப் பார்த்து அந்தத் தண்ணீரைத் தெருவிலேயே கொட்டச் சொன்னாள். கொட்டினார்கள். கரிசல் மண் உடனே குடித்துவிட்டது.

பிறகு பெண்களுக்குள் ஒரு சங்கடம். சோலையம்மாளின் தலையில் இருந்தது தாலி இறக்குமுன் வைக்கிற கடைசிப் பூ. அதை அப்படியே விட்டால் அபசகுனம் என்றாள் ஒருத்தி. எடுத்தால் அதைவிட அபசகுனம், அறுத்தவளுக்கு எடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்றாள் இன்னொருத்தி. சோலையம்மாள் இரண்டு கையாலும் பூவைப் பொத்திக்கொண்டாள். இது தன் பூ, வாடினால் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கையைக் கீழே இறக்கியதும் சீட்டைப் படித்தவரிடமிருந்து பொம்மையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை முடித்தே ஆகவேண்டும் என்று நின்றவர் உக்கிரபாண்டிதான். நரிக்குடியிலிருந்து வந்த அன்றே என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று ஏசிவிட்டு, ஞானப்பூ கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனவர். எனக்கு இனி ஆட்டமே வேண்டாம் போலிருந்தது. சோலையம்மாள் ஆட்டம் முடிந்ததா என்று தினமும் கேட்பதாக அவர் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை.

களத்தில் பழையபடி எல்லாவற்றையும் நிறுத்தினோம். விழுந்த பொம்மை எழக்கூடாது என்பது விதி. ஆனால் பின்படைத் தலைவன் விழுந்து கிடந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை, மணலில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும். சோழனின் முறை வந்தது. வறண்ட கண்மாய் வழியாகப் பாண்டியனின் கூடாரத்துக்கு நேர்வழி அந்தப் பள்ளத்தின் மேல்தான் போயிற்று. அதில் போனால் செல்லத்துரை ஜெயித்துவிடுவார். தாயக்கட்டையை உருட்டினார், வேண்டிய எண் விழுந்தது. என்ன தீர்ப்புச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

செல்லத்துரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குதிரைப்படையை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு தூர வழியாக நகர்த்தினார். நாலு முறை கழித்துத் தோற்றார்.